சொல்வதெழுதுதல் நடத்தப்பட்டது

சில வாரங்களுக்கு முன் ஆசிரியர் அறையில் என் மேசைமேல் ஒரு நீலக் கோப்பு கிடந்தது. பக்கத்தில் பொட்டலம் கட்டிய மீ கோரிங் நூடுல்ஸ். இரண்டையும் வைத்தவர், மலேசியாவின் பினாங்கில் உள்ள எங்கள் தமிழ்ப்பள்ளிக்குப் பிராக்டிகம் வந்திருக்கும் பயிற்சி ஆசிரியர். மீ கோரிங் அவருக்கு, கோப்பு எனக்கு. வகுப்பில் ஒரு சிக்கலை எடுத்து, தீர்வு ஒன்றைச் சோதித்து அவர் எழுதும் செயலாய்வு அது. "டீச்சர், மூனாவது அத்தியாயம் மட்டும் ஒரு தடவ பாத்துக் குடுங்க டீச்சர்" என்று காலையிலேயே சொல்லி வைத்திருந்தார். நான் அவருடைய வழிகாட்டி ஆசிரியர். தட்ட முடியாது.

ஆறாவது பக்கத்தில் இப்படி ஒரு வாக்கியம்: "மூன்றாம் ஆண்டு மாணவர்கள் ஐவருக்கு முன் தேர்வாகச் சொல்வதெழுதுதல் நடத்தப்பட்டது."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. தம்பி மீ கோரிங்கை வாயில் வைத்தபடியே பயந்துபோய்ப் பார்த்தார். வாக்கியத்தில் எழுத்துப்பிழை இல்லை, இலக்கணப் பிழையும் இல்லை. இதே வாக்கியத்தை, ஒரு சொல்கூட மாறாமல், 2013-இல் நானும் எழுதியிருக்கிறேன். அதற்குள் ஒளிந்திருந்த சங்கதி என் கண்ணில் பட ஆறு வருடம் ஆனது. அதை எழுதத்தான் இந்தப் பதிவு.

அப்போது நான் ஆசிரியர் கல்விக் கழகத்தில் கடைசி ஆண்டு. அம்மா இன்றைக்கும் அதைப் பழைய பெயரில் 'மக்தப்' என்றுதான் சொல்வார். செயலாய்வு முடிக்காமல் பட்டம் கிடையாது. தமிழ்ப் பிரிவில் பாதிப் பேர் ல, ள, ழ எழுத்துக் குழப்பத்தை எடுத்தார்கள். மீதிப் பேர் ர, ற அல்லது ன, ண. நான் ல, ள, ழ கட்சி. எந்தப் பள்ளிக்கு அனுப்பினாலும் அந்தப் பிழை கட்டாயம் கிடைக்கும் என்பதைத் தவிர வேறு காரணமில்லை.

உண்மையைச் சொன்னால், பிள்ளைகளைப் பார்ப்பதற்கு முன்பே தீர்வு என் கையில் தயாராக இருந்தது. காலணி வாங்கிய அட்டைப் பெட்டி ஒன்று. அதற்குள் ல எழுதிய சிவப்பு அட்டைகள், ள எழுதிய மஞ்சள் அட்டைகள், ழ எழுதிய பச்சை அட்டைகள். பெயர் 'மூவண்ணப் பெட்டி'. பெட்டியைச் செய்ய ஒரு மாலை போதுமாக இருந்தது, பெயர் வைக்க மூன்று இரவு ஆனது. செயலாய்வு என்றால் ஒரு பெட்டியோ பாட்டோ பெயர்ச்சுருக்கமோ இருந்தே தீர வேண்டும் என்பது எங்கள் மத்தியில் எழுதாத விதி. இன்றும் அந்த விதி உயிரோடுதான் இருக்கிறது. தம்பியின் கோப்பில் ஒரு 'ழகர ரயில்' இருக்கிறது. பார்க்க அழகாகவே இருக்கிறது, பொய் சொல்லக் கூடாது.

முன் தேர்வுக்கு 20 சொற்கள். பழம், வாழை, வாளி, மழை, மலை, கிழமை, கிளி, குழி என்று போகும். "ஆய்வாளர் நடுநிலையாக இருக்க வேண்டும்" என்று யாரோ சொன்னதைப் பிடித்துக்கொண்டு, சொற்களை வாசிக்க அந்த வகுப்பு ஆசிரியையையே கேட்டுக்கொண்டேன். ஓய்வு பெற இரண்டு ஆண்டு இருந்த அம்மா. நம் வீடுகளில் எப்படிப் பேசுவோமோ அப்படியே சொன்னார்: பளம், வாள, மள, கெளம. ஐந்து பிள்ளைகளின் சராசரி 9.

மூன்று வாரம் பெட்டியோடு பாடம் நடத்தினேன். பின் தேர்வு அன்று அந்த ஆசிரியை ஏதோ கூர்சுஸ், பயிற்சி என்று கிளம்பிவிட்டார். சரி, நானே சொல்லிவிடலாம் என்று நின்றேன். மூன்று வாரமாக ழ, ழ என்று அடித்துக்கொண்ட வாய். "பழ்ழ்ழம்" என்று நாக்கைச் சுருட்டி, மேலண்ணத்தில் உரசி, பிள்ளைகள் ஒவ்வொருவர் முகத்தையும் பார்த்துப் பார்த்துச் சொன்னேன். சராசரி 16.

பட்டை வரைபடம் போட்டேன். நீலப் பட்டை குட்டை, ஆரஞ்சுப் பட்டை நெட்டை. "மூவண்ணப் பெட்டியின் வழி மாணவர்களின் அடைவு மேம்பட்டுள்ளது எனக் கண்டறியப்பட்டது." நல்ல தரம் கிடைத்தது. ஆய்வைப் படைத்த அன்று குழுவில் இருந்த ஒருவர் ஸ்கேலை எடுத்து இடப்பக்க ஓரத்தை அளந்தார். 4 சென்டிமீட்டர் இருக்க வேண்டிய இடத்தில் 3.8 இருந்தது. திருத்தி மறுபடி அச்சடித்தேன். இரண்டு தேர்வுக்கும் சொற்களைச் சொன்னது யார் என்று ஒருவரும் கேட்கவில்லை. கேட்க வழியும் இல்லை. முன் தேர்வு 'நடத்தப்பட்டது', பின் தேர்வும் 'நடத்தப்பட்டது'. இரண்டு இடத்திலும் வாய் காணாமல் போயிருந்தது.

2019-இல் எனக்கு மூன்றாம் ஆண்டு வகுப்பு கிடைத்தது. பழைய பெட்டியைத் தூசு தட்டி எடுத்து வந்தேன். அட்டைகளைப் பிள்ளைகளுக்குப் பிடித்திருந்தது. ஆனால் கட்டுரைப் பயிற்சியில் பளம் பளமாகவே இருந்தது. ஒருநாள் சிவப்பு மையால் வட்டம் போட்டுக்கொண்டிருந்தபோது ஒரு பெண்பிள்ளை மேசைக்குப் பக்கத்தில் வந்து நின்றாள்.

"டீச்சர், நீங்க டெஸ்ட்ல சொல்ற மாதிரி சொன்னா ழ போட்ருவேன். எங்க அம்மா சொல்ற மாதிரி மனசுல சொன்னா எப்படித் தெரியும்?"

அன்று மாலை பாலத்தில் நெரிசல். காரில் உட்கார்ந்து அவள் கேட்டதையே உருட்டிக்கொண்டிருந்தேன். அடுத்த வாரம் அதே 20 சொற்களை எடுத்தேன். பெட்டி கிடையாது, அட்டை கிடையாது. திங்கட்கிழமை வீட்டுப் பேச்சில் சொன்னேன்: வகுப்புச் சராசரி 10. வியாழக்கிழமை நாக்கைச் சுருட்டிச் சொன்னேன்: 15. இரண்டாம் தடவை என்பதால் சொற்கள் பழகியிருக்கலாமே என்று ஒரு சந்தேகம். பக்கத்து வகுப்பில் வரிசையை மாற்றினேன். முதலில் சுருட்டிய நாக்கு, அப்புறம் வீட்டுப் பேச்சு. அங்கே மதிப்பெண் இறங்கியது.

ஆக 2013-இல் 9-ஐ 16 ஆக்கியதில் பெரும் பங்கு என் நாக்குக்கு. பெட்டிக்கு ஏதாவது பங்கு இருந்ததா என்பதை என் ஆய்வை வைத்துச் சொல்லவே முடியாது. இன்னொரு கூத்தும் உண்டு. பட்டியலில் 11-வது சொல் குழி. அந்த ஆசிரியை சொன்னபோது ஒரு பையன் 'குளி' என்று எழுதினான். தப்பு போட்டேன். அவன் காதில் விழுந்தது குளி, எழுதியது குளி, தமிழில் குளி என்று ஒரு சொல்லும் இருக்கிறது. தப்பு அவனுடையதா? வாக்கியத்தில் வைக்காமல் தனிச் சொல்லாகச் சொன்னது யார் தப்பு?

இதில் எனக்கு அதிகம் கூச்சம் தருவது வேறொன்று. நாக்கின் நுனி மேலெழுந்து அண்ணத்தை வருட ழகரம் பிறக்கும் என்ற தொல்காப்பிய நூற்பாவை என் இரண்டாம் அத்தியாயத்தில் நானே எழுதி வைத்திருந்தேன். அடைப்புக்குறிக்குள் எண்ணோடு, உரையோடு. அத்தனையும் எழுதிவிட்டு, சொந்த நாக்கு என்ன செய்தது என்பதைக் கவனிக்கவில்லை.

சரி, தம்பியிடம் வருகிறேன். "இந்த வாக்கியத்துல யார் சொன்னாங்க, யார் எழுதுனாங்கன்னு இருக்கா?" என்று கேட்டேன். யோசித்தார். "ஆய்வாளர்னு போட்டுடவா டீச்சர்?"

இந்த 'ஆய்வாளர்' இருக்கிறாரே, அவர் ஒரு தனிப் பிறவி. "ஆய்வாளர் வகுப்பறைக்குச் சென்றார். ஆய்வாளர் மாணவர்களை உற்றுநோக்கினார்." படிக்கிறவருக்கு யாரோ கோட்டு போட்ட மனிதர் ஹெலிகாப்டரில் வந்து இறங்கிய மாதிரி இருக்கும். வந்தவர் 22 வயதுப் பையன், கையில் ழகர ரயில். ஏன் 'நான்' என்று எழுதக் கூடாது என்று கேட்டேன். ஏ.பி.ஏ. (அமெரிக்க உளவியல் சங்கத்தின் ஆய்வெழுத்து நடை) விதிப்படி கூடாது என்று சொல்லிக் கொடுத்திருக்கிறார்களாம். எங்களுக்கும் அப்படித்தான் சொன்னார்கள், நாங்களும் நம்பினோம். ஏ.பி.ஏ. கையேட்டின் 7-ஆம் பதிப்பு நேர் எதிராகச் சொல்கிறது. செய்தது நீங்கள் என்றால் 'நான்' என்றே எழுதுங்கள், உங்களையே மூன்றாம் மனிதராக்காதீர்கள் என்கிறது. இதற்கு முந்தைய 6-ஆம் பதிப்பும் இதையே சொன்னது. கையேட்டைத் திறந்து பார்க்காமலே அதன் பெயரால் எத்தனை பேரை மிரட்டியிருக்கிறோம்!

ஏ.பி.ஏ. நம்மை உண்மையிலேயே திணற வைப்பது பெயர் விஷயத்தில்தான். அதற்குக் குடும்பப் பெயர் முதலில் வர வேண்டும். நமக்கு ஏது குடும்பப் பெயர்? அடையாள அட்டையில் நம் பெயர், அதற்குப் பின்னால் அப்பா பெயர். பயிற்சி ஆசிரியர்கள் கடைசியில் இருப்பதைக் குடும்பப் பெயர் என்று எடுத்து முன்னால் போட்டுவிடுவார்கள். ஆய்வு செய்தது மகள், மேற்கோளில் வந்து நிற்பது அப்பா. என் ஆய்வை ஒரு தங்கச்சி மேற்கோள் காட்டியிருந்தார். எங்கள் அப்பா தோட்டத்தில் லாரி ஓட்டியவர், ழகரம் பற்றி அவருக்கு ஒரு கருத்தும் இருந்ததில்லை.

இரண்டாம் அத்தியாயம் பற்றித் தனியாகவே எழுத வேண்டும், இங்கே கொஞ்சம். தமிழில் பழைய செயலாய்வுகளைத் தேடினால் கிடைப்பது குறைவு. கிடைக்கிற சில பிடிஎஃப் கோப்புகள் ஒருங்குறிக்கு முந்தைய எழுத்துருவில் அடித்தவை. 'ழகரம்' என்று தேடினால் ஒன்றும் வராது, நகலெடுத்து ஒட்டினால் கிறுக்கல் வரும். அதனால் பிள்ளைகள் மலாய் ஆய்வுகளை எடுத்துக் கூகுளில் போட்டுத் தமிழாக்கி ஒட்டுகிறார்கள். நகலைக் கண்டுபிடிக்கும் டர்னிட்டின் மென்பொருள் பெரும்பாலும் இதைப் பிடிப்பதில்லை. ஒற்றுமை விழுக்காடு ஒற்றை இலக்கத்தில் வருகிறது, எல்லோருக்கும் நிம்மதி. தம்பியின் கோப்பில் 'இலக்கு வைக்கப்பட்ட மாணவர்கள்' என்று ஒரு இடத்தில் இருந்தது. துப்பாக்கியால் குறி வைத்த மாதிரி இருக்கிறது, மாற்றுங்கள் என்றேன்.

முதல் அத்தியாயத்தை எல்லோரும் 1816-இல் தொடங்குகிறார்கள். அந்த ஆண்டு பினாங்கு ஃப்ரீ ஸ்கூலில் தமிழ் வகுப்பு தொடங்கியது நமக்கெல்லாம் பெருமைதான். ஆனால் ஐந்து பிள்ளைகள் மழையை மளை என்று எழுதுவதற்கு 200 ஆண்டு முன்னால் போய் நடந்து வர வேண்டுமா? அந்த இரண்டு பக்கத்தில் ஐந்து பிள்ளைகளும் செய்த பிழைகளை அப்படியே நகலெடுத்துப் போட்டிருந்தால் எவ்வளவு தெரிந்திருக்கும்.

அப்புறம் கர்ட் லெவின், செயலாய்வு முறையின் முன்னோடி. செயலாய்வு எழுதிய எவரும் "லெவின் (1946)" என்று போடாமல் விட்டதில்லை. நானும் போட்டேன், படிக்காமல். யாரோ போட்டதைப் பார்த்து யாரோ போட்டு, அதைப் பார்த்து நான் போட்டது. பிறகு பகுதி நேரமாக முதுகலை படித்தபோது ஒரு சனிக்கிழமை, யு.எஸ்.எம். பல்கலைக்கழகத்தின் ஹம்சா செண்டுட் நூலகத்தில் உட்கார்ந்து அந்தக் கட்டுரையைப் படித்தேன். தலைப்பே தூக்கிப் போட்டது. 'செயலாய்வும் சிறுபான்மையினர் சிக்கல்களும்' என்பது மாதிரி வரும். நாஜி ஜெர்மனியை விட்டு அமெரிக்கா போன யூதர் எழுதியது. சிறுபான்மை மொழிப் பள்ளியில் வேலை பார்க்கிற நாங்கள் அவர் பெயரை அடைப்புக்குறிக்குள் வைத்துவிட்டு, அவர் எதைப் பற்றி எழுதினார் என்று பார்க்காமல் போயிருக்கிறோம்.

கட்டுரையில் ஒரு விமான உதாரணம் வருகிறது. போர் முடிந்த மறு ஆண்டு இல்லையா, அதுதான் கைக்கு வந்திருக்கும். ஒரு தொழிற்சாலையைத் தாக்கத் திட்டம் போடுகிறார்கள், குண்டு வீசுகிறார்கள், அதோடு விடுவதில்லை. பின்னாலேயே ஒரு வேவு விமானம் போய் உண்மையில் என்ன ஆயிற்று என்று முடிந்தவரை துல்லியமாகப் பார்த்து வருகிறது. அதை வைத்துத்தான் அடுத்த திட்டம். நாம் நான்கு அம்புக்குறி போட்டு வரைகிற சுழல் படத்துக்கு மூலம் இதுதான். 'உற்றுநோக்கல்' என்று ஒரு கட்டத்தில் எழுதி அம்புக்குறி போட்டுவிடுகிறோம். என் கதையில் குண்டு போட்ட விமானியே வேவு பார்க்கவும் போனார், அதுவும் போகிற வழியில் இன்னும் இரண்டு குண்டு போட்டுக்கொண்டே.

இதையெல்லாம் தம்பியிடம் சொல்லி முடிப்பதற்குள் மீ கோரிங் ஆறிவிட்டது. அவர் கேட்டது ஒன்றே ஒன்று: "அப்ப நான் என்னா டீச்சர் செய்யட்டும்?"

முன் தேர்வைத் திரும்பவும் எடுக்கலாம் என்றேன். அவரே ஒரு யோசனை சொன்னார். மூன்றாம் ஆண்டு வகுப்பு ஆசிரியரை 20 சிறு வாக்கியங்கள் சாதாரணமாகப் பேசச் சொல்லிக் கைப்பேசியில் பதிந்துகொள்வது. முன் தேர்வுக்கும் அதே பதிவு, பின் தேர்வுக்கும் அதே பதிவு. நூல்நிலையத்தில் கதவைச் சாத்திக்கொண்டு பதிந்தார்கள். 12-வது வாக்கியத்துக்குப் பின்னால் தோட்டக்காரர் "கார் எடுங்க சார்" என்று கத்தியதும் பதிவாகிவிட்டது. ஒரு பையன் அதையும் அழகாக எழுதிக் கொடுத்தான்.

எழுத்திலும் கை வைத்தார். "முன் தேர்வு, பின் தேர்வு இரண்டிலும் வகுப்பாசிரியரின் ஒரே ஒலிப்பதிவை நான் ஒலிக்கவிட்டேன்." இந்த 'நான்' பிழைக்குமா என்று எனக்குத் தெரியாது, அவருடைய விரிவுரையாளர் கையில் இருக்கிறது. பின்னிணைப்பிலிருந்து படங்களையும் எடுக்கச் சொன்னேன். மாணவர் அ, மாணவர் ஆ என்று பெயரை மறைத்துவிட்டு, பள்ளிச் சின்னம் தெரிய முகத்தோடு படம் வைத்திருந்தார். பினாங்கில் இருப்பதே 28 தமிழ்ப்பள்ளி. மாணவர் அ யார் என்று கண்டுபிடிக்க ஒரு தொலைபேசி அழைப்பு போதும்.

நேற்றுதான் பின் தேர்வு முடிந்தது. ஓய்வு நேரத்தில் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு வந்தார். "டீச்சர், கிராஃப் படுத்துக்கிச்சு." முன் தேர்வு 11, பின் தேர்வு 12. ழகர ரயில் நான்கு வாரம் ஓடியதற்கு ஒரே ஒரு மதிப்பெண். பாஸ் ஆகுமா என்றார். ஆகும் என்றேன். அவ்வளவு உறுதியாகச் சொல்ல எனக்கு உரிமை இல்லை, ஆனாலும் சொன்னேன். பிறகு ஐந்து தாளையும் மேசையில் பரப்பி வைத்துக்கொண்டு இருவரும் உட்கார்ந்தோம். சராசரியை மறந்துவிட்டுத் தாளைப் பார்ப்போம் என்று.

கொஞ்ச நேரம் கழித்து அவர்தான் சொன்னார். "டீச்சர், இங்க பாருங்க. அஞ்சு பேரும் 'தமிழ்' மட்டும் சரியா எழுதியிருக்காங்க. ரெண்டு தேர்வுலயும்."

எட்டாவது வாக்கியம், "நாங்க தமிழ்ப்பள்ளியில படிக்கிறோம்." ஆசிரியர் பதிவில் 'தமில்' என்றுதான் சொல்லியிருந்தார், நான் மறுபடி போட்டுக் கேட்டேன். பிள்ளைகள் ழ் போட்டிருந்தார்கள். சட்டைப் பையின் சின்னத்தில், நுழைவாயில் பலகையில், நோட்டுப் புத்தக அட்டையில் என்று தினமும் பார்க்கிற சொல். காதில் எப்படி விழுந்தாலும் கை கண்ணைக் கேட்டு எழுதியிருக்கிறது போல. போலத்தான். ஒரு சொல்லை வைத்து அதற்கு மேல் சொல்லக் கூடாது.

தம்பிக்கு அதற்கப்புறம் உட்கார இருப்புக்கொள்ளவில்லை. மணி அடித்ததும் ஐந்து பேரையும் பிடித்து 'கழிவறை' எழுதச் சொல்லியிருக்கிறார். அது எங்கள் பள்ளியில் நான்கு கதவில் பெரிய எழுத்தில் இருக்கிறது. நான்கு பேர் சரி. இரண்டாம் சுற்றுக்கு ரயில் வேண்டாம், பள்ளியில் எங்கெங்கே ழ எழுதியிருக்கிறது என்று முதலில் எண்ணப் போகிறேன் என்றார். இன்று காலை ஒரு சிறு நோட்டோடு கிளம்பி, நுழைவாயிலில் தொடங்கி, மாடிப்படி, நூல்நிலையம், கழிவறை என்று சுற்றிவிட்டுச் சிற்றுண்டிச்சாலை வரை போய்த் திரும்பினார்.

சிற்றுண்டிச்சாலைக் கண்ணாடியில் மஞ்சள் தாளில் கையால் எழுதி ஒட்டியிருக்கிறதாம்: 'பளச்சாறு 1 ரிங்கிட்'.